வாலைப் பிடித்து வாசியுங்கள்

நம் வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டில் பெரும்பாலும் ஒரு பொலித்தீன் பை இருக்கும். பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, பழைய அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் அதில் கிடக்கும். அவற்றோடு கிளினிக் கொப்பிகள், இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டுகள். காணி உறுதியில் ஒரு சொல் விளங்காவிட்டால் நொத்தாரிசைத் தேடி ஓடுவோம். கார்ட்டில் ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும், “இங்கிலீசில கிடக்கு” என்று சொல்லி மடித்து வைத்துவிடுவோம். நம்முடைய உடம்பைப் பற்றி எழுதிய கடிதம் அது. அதை வாசிக்காமலே பத்திரப்படுத்துகிறோம்.

அந்தச் சொற்கள் நீளமானவை, உண்மைதான். ஆனால் அவை சாதாரண ஆங்கிலச் சொற்கள் அல்ல. பெரும்பாலானவை கிரேக்கத் துண்டுகளை ஒட்டிச் செய்தவை; சிலவற்றில் இலத்தீனும் கலந்திருக்கும். ஆங்கிலேயப் பிள்ளை ஒன்றுக்கும் அவை முதலில் புரியாது. அந்த விதத்தில் அவர்களும் நாமும் ஒரே வாங்கில்தான் இருக்கிறோம். சொல்லப்போனால் தமிழ் பேசுபவர்களுக்கு ஒரு சிறு வாய்ப்பு அதிகம். தமிழில் சொல்லின் உயிர் வாலில் இருக்கிறது. ‘வீட்டுக்கு’, ‘வீட்டிலிருந்து’, ‘வீட்டால்’ ஆகிய மூன்றிலும் தலை ஒன்றுதான். போவதா வருவதா என்று வால்தான் சொல்கிறது. இந்த மருத்துவச் சொற்களும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. தலைப்பகுதி உடம்பில் எந்த இடம் என்று சொல்லும். வால்பகுதி அங்கே என்ன நடந்தது, அல்லது வைத்தியர் என்ன செய்தார் என்று சொல்லும். ஆகவே முன்னாலிருந்து எழுத்துக் கூட்டாமல், வாலைப் பிடித்து வாசிக்கப் பழகலாம்.

முதலில் எல்லாரும் கேட்ட வால்: ‘ஐட்டிஸ்’. டொன்சிலைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ், ஹெபடைட்டிஸ், கெஸ்ட்ரைட்டிஸ், அப்பென்டிசைட்டிஸ். இந்த வால் எங்கே ஒட்டியிருந்தாலும் அங்கே அழற்சி என்று அர்த்தம். ‘அழற்சி’ என்பதை நாம் பாடத்தில் மனனம் செய்துவிட்டுக் கடந்து போகிறோம். கொஞ்சம் நின்று பார்த்தால் அது அழகான சொல். அழல் என்றால் நெருப்பு. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘இன்ஃப்ளமேஷன்’ என்ற சொல்லுக்குள்ளும் இலத்தீனில் தீச்சுவாலையைக் குறிக்கும் ‘ஃப்ளம்மா’ இருக்கிறது. இரண்டு மொழியும் ஒரே நெருப்பைத்தான் கண்டிருக்கின்றன. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்ற உரோம எழுத்தாளர் அழற்சிக்கு நான்கு அடையாளங்களை எழுதி வைத்தார்: சிவத்தல், வீங்குதல், சூடேறுதல், வலித்தல். தொண்டை நோவுக்கும் கால் மூட்டு வீக்கத்துக்கும் இன்றும் வைத்தியர் பார்ப்பது இந்த நான்கையும்தான். அந்த உறுப்பு தன் வேலையைச் செய்ய முடியாமற் போவது என்ற ஐந்தாவது அடையாளம் பின்னர் சேர்ந்தது.

இந்த வாலின் பிறப்பைத் தேடிப் பார்த்தபோது எனக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. பழைய கிரேக்கத்தில் ‘இட்டிஸ்’ என்பதற்கு அழற்சி என்ற பொருளே இல்லை. ‘அதைச் சேர்ந்த’ என்று பொருள் தரும் பெண்பால் விகுதி அது. ‘ஆர்த்ரிட்டிஸ் நொசொஸ்’ என்றால் ‘மூட்டைச் சேர்ந்த நோய்’. நோயைக் குறிக்கும் ‘நொசொஸ்’ கிரேக்கத்தில் பெண்பால் என்பதால் விகுதியும் பெண்பாலானது. நாளடைவில் மக்கள் ‘நொசொஸை’ விட்டுவிட்டு ‘ஆர்த்ரிட்டிஸ்’ என்று மட்டும் சொல்லத் தொடங்கினார்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பிய வைத்தியர்கள் அந்த அநாதை விகுதியை எடுத்து, அழற்சிக்கென்றே நிலையாக்கினார்கள்.

சிரிக்க வேண்டாம், நாமும் இதையேதான் செய்கிறோம். “எனக்கு கெஸ்ட்ரிக்” என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்! ‘கெஸ்ட்ரிக்’ என்றால் ‘இரைப்பையைச் சேர்ந்த’ என்பது மட்டும்தான். இரைப்பையைச் சேர்ந்த என்ன? அந்தச் சொல்லைக் காணவில்லை. நோயின் பெயர் கெஸ்ட்ரைட்டிஸ், இரைப்பை அழற்சி. ‘பிரஷர்’, ‘சுகர்’ என்பவையும் இப்படித்தான். பிரஷர் எல்லாருக்கும் இருக்கிறது, இல்லாவிட்டால் உயிரோடு இருக்க முடியாது. அது கூடுவதுதான் வருத்தம். ஆனால் கிரேக்கர் செய்தால் மொழி வரலாறு, உம்மம்மா சொன்னால் பிழையான ஆங்கிலம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வாலை வெட்டி எறிந்த இன்னொரு சொல் போலியோ. அதன் முழுப் பெயர் போலியோமயலைட்டிஸ். ‘போலியோஸ்’ சாம்பல் நிறம், ‘மயலொஸ்’ முண்ணான், ‘ஐட்டிஸ்’ அழற்சி. முண்ணானின் சாம்பல் நிறப் பகுதியில் ஏற்படும் அழற்சி என்று பொருள். நாம் சொல்வது ‘சாம்பல்’ என்ற பகுதியை மட்டும். குழந்தைக்குச் சாம்பல் சொட்டு கொடுத்தாயிற்றா என்று கேட்பது போல! நம் நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். ஆகவே இந்தச் சொல்லின் வாலைக் கண்ணால் காணும் தேவை நம் தலைமுறைக்கு வரவில்லை.

இந்த வால் சொல்லாத ஒன்றும் உண்டு. நெருப்பு எரிகிறது என்று சொல்லும். யார் மூட்டியது என்று சொல்லாது. கார்ட்டில் ஹெபடைட்டிஸ் என்று இருந்தால் ஈரலில் அழற்சி என்பது மட்டும் நிச்சயம். அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ‘ஏ’ வைரசா, இரத்தத்தின் வழியாகப் பரவும் ‘பி’ வைரசா, ஏதாவது மருந்தா, மதுவா என்பது வாலில் இல்லை. நாம் இவை எல்லாவற்றையும் சேர்த்துச் செங்கண்மாரி என்று ஒரே பெயரில் அழைத்து, கீழ்க்காய்நெல்லியைத் தேடப் போகிறோம். ‘ஏ’யும் ‘பி’யும் வேறு வேறு நோய்கள், ‘பி’ சிலரில் நாட்பட்டு நின்று ஈரலையே கெடுக்கும். குழந்தைகளுக்கு ஏற்றும் பென்டாவேலன்ட் ஊசியில் ‘பி’க்கு எதிரான மருந்தும் இருக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்கலாம்.

இரைப்பை அழற்சியிலும் இதே கதைதான். நெடுங்காலமாக அதற்கும் இரைப்பைப் புண்ணுக்கும் கவலையும் உறைப்பும்தான் காரணம் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. அவுஸ்திரேலியாவில் பெரி மார்ஷல் என்ற வைத்தியர் ஒரு பக்ரீரியாவைச் சந்தேகித்தார். யாரும் நம்பவில்லை. 1984இல் அவர் அந்தப் பக்ரீரியாவை வளர்த்த திரவத்தைத் தானே குடித்துவிட்டார். சில நாட்களில் வாந்தி. பரிசோதித்தபோது அவருடைய இரைப்பையில் அழற்சி. 2005ஆம் ஆண்டு அவருக்கும் ரொபின் வொரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. (வேதியியல் செய்முறையில் யாரும் இந்த முறையைப் பின்பற்றிவிட வேண்டாம்.) ஆகையால் ‘ஐட்டிஸ்’ என்று கண்டால் வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வி தானாகவே வருகிறது: “எதனால் வந்தது, டொக்டர்?” வாலை விளங்கிக்கொள்வதன் பயன் இதுதான். நோயைக் கண்டுபிடிப்பது அவருடைய வேலை. சரியான கேள்வியைக் கேட்பது நம்முடையது.

மெனிஞ்சைட்டிஸ் என்ற சொல்லைச் சொல்லாமல் இந்த வாலை விட எனக்கு மனமில்லை. மூளையைச் சுற்றியுள்ள மென்சவ்வுகளின் அழற்சி அது. அந்தச் சவ்வுகளில் இரண்டை நாம் உயிரியலில் வன்தாயி, மென்தாயி என்று படிக்கிறோம். சவ்வுக்கு எதற்காகத் தாய் என்று பெயர்? ஆங்கிலப் புத்தகத்தில் அவை ‘டியூரா மேற்றர்’, ‘பயா மேற்றர்’. ‘மேற்றர்’ இலத்தீனில் தாய். ஆனால் அது இலத்தீனின் சொந்தக் கற்பனை அல்ல. பத்தாம் நூற்றாண்டில் அலீ இப்னு அல்-அப்பாஸ் அல்-மஜூஸி போன்ற வைத்தியர்கள் அறபியில் எழுதிய நூல்களில் இச்சவ்வுகள் ‘உம்மு’ என்று அழைக்கப்பட்டன. ஒன்றைச் சுற்றிக் காப்பதை அதன் தாய் என்று சொல்வது அறபு வழக்கு. 12ஆம் நூற்றாண்டில் அவற்றை இலத்தீனுக்குப் பெயர்த்தவர்கள் சொல்லுக்குச் சொல் பெயர்த்தார்கள். அங்கிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து நம்முடைய தமிழ்ப் பாடநூல். வீட்டில் நாம் ‘உம்மா’ என்று கூப்பிடும் அதே சொல் ஒரு சுற்றுப் போய் ‘தாயி’யாகத் திரும்பி வந்திருக்கிறது. மெல்லிய சவ்வுக்கு அறபியில் இருந்தது ‘மெல்லிய’ என்ற சொல். பெயர்த்தவர் அதைப் ‘பக்தியுள்ள’ என்று பொருள்படும் ‘பயா’ ஆக்கிவிட்டார். அந்த இடத்தில் இலத்தீனைவிட நம்முடைய ‘மென்தாயி’தான் மூலத்துக்கு நெருக்கம்.

அப்பென்டிசைட்டிஸ் என்பது அவ்வளவு பழைய சொல் அல்ல. குடல்வளரியில் வரும் அழற்சி அது. அந்த நோய் என்றும் இருந்தது. ஆனால் வலியின் காரணம் குருட்டுக்குடலில் என்று எண்ணி வேறொரு பெயரால் அழைத்தார்கள். 1886இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தைச் சேர்ந்த ரெஜினல்ட் ஃபிட்ஸ் என்ற வைத்தியர், குற்றவாளி அந்தச் சிறிய வால் போன்ற குடல்வளரிதான், வெடிக்குமுன் வெட்டி எடுக்க வேண்டும் என்று எழுதினார். பெயரையும் அவரே வைத்தார். தலை இலத்தீன், வால் கிரேக்கம் என்பதால் மொழித் தூய்மை பார்ப்பவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் முதற்பதிப்பில் ‘ஏ’ எழுத்துப் பகுதியில் இந்தச் சொல்லுக்கு இடம் கிடைக்கவில்லை. பிறகு 1902 ஜூன் மாதம் வந்தது. இங்கிலாந்தில் ஏழாம் எட்வர்ட் முடிசூடுவதற்கு இரண்டு நாள் இருக்கையில் கடுமையான வயிற்று வலி. அரண்மனையிலேயே சத்திரசிகிச்சை செய்தார்கள். முடிசூட்டு விழா ஓகஸ்ட் 9ஆம் திகதிக்குத் தள்ளிப்போனது. அதன் பிறகு அந்தச் சொல்லை அறியாதவர் யார்? அகராதி வாசலில் நிறுத்தி வைத்த சொல்லை ஓர் அரசரின் வயிறு உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இனி வெட்டும் வால்கள். இவைதான் கார்ட்டில் ஒன்றையொன்று ஒத்துத் தெரிந்து ஆளைக் குழப்புபவை. ‘டொமி’ என்றால் கிரேக்கத்தில் வெட்டுதல். நாம் இரசாயனவியலில் படிக்கும் ‘அட்டம்’ கூட ‘வெட்ட முடியாதது’ என்ற பொருளில் இதே வேரிலிருந்து வந்தது. (பின்னால் அதையும் வெட்டிவிட்டார்கள்.) ‘ஒட்டமி’ என்று முடிந்தால் வெட்டித் திறந்தார்கள் என்று மட்டும் பொருள். ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி வெளியே எடுத்துவிட்டார்கள். அந்த ‘எக்’ என்பது ‘வெளியே’. ‘ஒஸ்டமி’ என்று முடிந்தால் வெட்டி ஒரு வாய் வைத்திருக்கிறார்கள். ‘ஸ்டோமா’ என்பது வாய். இலையின் ‘ஸ்டொமாட்டா’வை நாம் இலைவாய் என்று படிக்கவில்லையா, அதே வாய்தான். ‘கொலொஸ்டமி’ என்றால் பெருங்குடலுக்கு வயிற்றின் மேல் ஒரு வாய் திறந்து மலம் வெளியேற வழி செய்வது. ‘கொலெக்டமி’ என்றால் பெருங்குடலையோ அதன் ஒரு பகுதியையோ வெட்டி எடுப்பது. இரண்டுக்கும் இடையில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துதான் வித்தியாசம். நோயாளியின் வாழ்க்கையில் அது எவ்வளவு பெரிய வித்தியாசம்!

‘மஸ்டைட்டிஸ்’, ‘மஸ்டெக்டமி’ என்ற இரண்டையும் நாம் பெண் பிள்ளைகள் என்பதால் அறிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘மஸ்டொஸ்’ என்றால் மார்பகம். முதலாவது மார்பகத்தில் அழற்சி. பாலூட்டும் தாய்மாருக்கு வருவது, உரிய மருந்தால் மாறுவது. இரண்டாவது மார்பகத்தை அகற்றும் சத்திரசிகிச்சை. பிள்ளை பெற்று சில கிழமைகளே ஆன ஒரு தாய் தலையை மட்டும் வாசித்து வாலை வாசிக்காமல் விட்டால் அவளுடைய அந்த இரவு எப்படிக் கழியும்?

கருப்பையை அகற்றுவது ‘ஹிஸ்டரெக்டமி’. ‘ஹிஸ்டெரா’ கருப்பை. இதே தலையிலிருந்து வந்ததுதான் ‘ஹிஸ்டீரியா’. பெண்கள் அழுதாலும் கோபித்தாலும் மயங்கினாலும் கருப்பையால் வருவது என்று பழைய கிரேக்கர் நம்பினார்கள். ஐரோப்பிய வைத்தியர்களும் மிக நீண்ட காலம் அப்படியே எழுதினார்கள். மருத்துவம் அந்த நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டது. ஆனால் ‘ஹிஸ்டீரியா மாதிரிக் கத்தாதே’ என்ற பேச்சு மட்டும் இன்னும் போகவில்லை. அது யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதைத் தோழியர் கவனிக்கட்டும்.

வெட்டுவதைப் பற்றிப் பேசும்போது அந்தலூசியாவை மறக்க முடியாது. கி.பி. 1000 அளவில் குர்துபாவுக்கு அருகில் வாழ்ந்த அஸ்-ஸஹ்ராவி, டொன்சிலை எப்படி அகற்றுவது, நாக்கை அழுத்திப் பிடிக்க என்ன கருவி, கொக்கி எப்படி இருக்க வேண்டும் என்று படம் வரைந்து எழுதியிருக்கிறார். அது ‘டொன்சிலெக்டமி’. 12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலியாவின் இப்னு ஸுஹ்ர், மூச்சுக்குழாயை வெட்டித் திறந்தால் உயிர் பிழைக்குமா என்று முதலில் ஓர் ஆட்டில் செய்து பார்த்து, காயம் ஆறியதை எழுதி வைத்தார். அது ‘ட்ரக்கியொட்டமி’. பெயர்கள் கிரேக்கம் என்பதால் வேலையும் கிரேக்கரோடு நின்றுவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

‘ஒஸ்கொப்பி’ என்று முடிவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ‘ஸ்கோப்’ என்றால் பார்ப்பது; மைக்ரொஸ்கோப்பில் இருப்பதும் அதுவே. ‘எண்டொஸ்கொப்பி’ உள்ளே பார்ப்பது. கெமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய் வழியாக விட்டு இரைப்பையைப் பார்க்கிறார்கள். தேவையானால் ஒரு துளி இழையத்தைக் கிள்ளி எடுப்பார்கள். எண்டொஸ்கொப்பிக்குத் திகதி கொடுத்ததும் “ஒப்பரேஷனாம்” என்று குடும்பம் முழுவதும் கூடி அழுத வீடு எனக்குத் தெரியும்.

பயத்தைப் பற்றிச் சொன்னதும் ‘ஓமா’ என்ற வால் ஞாபகம் வருகிறது. நான் பயோ படிக்கிறேன் என்பதால் எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்கள் கார்ட்டுகளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு மாமி, “மகள், இதக் கொஞ்சம் பாருங்க. ஓமா எண்டு முடிஞ்சா கென்சர் எண்டு ஆரோ சொன்னாங்க” என்று முந்தானையில் சுருட்டிய கடதாசியை நீட்டினார். இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அதில் இருந்தது ‘லிப்போமா’. ‘லிப்பொஸ்’ என்றால் கொழுப்பு. தோலுக்கடியில் கொழுப்புத் திரண்ட கட்டி. பெரும்பாலும் ஆளுக்கு ஒரு தீங்கும் செய்யாதது. “டொக்டரிடமும் ஒருக்காக் கேளுங்க மாமி” என்று சொல்லித்தான் அனுப்பினேன். அடுத்த கிளினிக்கில் அவரும் அதையே சொன்னார். ‘ஓமா’ என்றால் பெரும்பாலும் கட்டி அல்லது திரட்சி. அது நல்லதா கெட்டதா என்று வால் சொல்லாது. ‘கார்சினோமா’ புற்றுநோய், ‘லிம்ஃபோமா’ புற்றுநோய். ‘லிப்போமா’ அப்படியல்ல. ‘ஹீமட்டோமா’ அடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டியிருப்பது. ‘குளுக்கோமா’வோ கட்டியே இல்லை, கண் நரம்பைக் கெடுக்கும் நோய். அதற்காக டிப்ளோமா எடுத்தவர்கள் யாரும் கிளினிக் போக வேண்டியதில்லை. அந்தச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் ‘இரண்டாக மடித்த தாள்’ என்று பொருள்.

‘ஈமியா’ என்றால் இரத்தத்தில். நம் பாடநூலின்படி சொன்னால் குருதியில். ‘அனீமியா’ குருதி இல்லாமை; உண்மையில் குருதி குறைவதல்ல, அதிலுள்ள ஈமோகுளோபின் குறைவது. ‘லியூக்கீமியா’ வெள்ளைக் குருதி. 1847இல் ஜேர்மனியின் ருடொல்ஃப் விர்ஷோ வைத்த பெயர். இவற்றில் எனக்குப் பிடித்தது ‘தலசீமியா’. ‘தலஸ்ஸா’ என்றால் கடல். குருதியில் கடல்! மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாட்டுக் குடும்பங்களில் முதலில் விவரிக்கப்பட்டதால் 1932இல் அமெரிக்க வைத்தியர் இருவர் அந்தப் பெயரை வைத்தார்கள். அவர்கள் நினைத்த கடலைவிட நோயின் எல்லை மிகப் பெரியது. நம் நாட்டிலும் அது உண்டு. குருநாகல் போதனா வைத்தியசாலையில் அதற்கென்றே தேசிய நிலையம் இருக்கிறது. பெற்றோர் இருவரும் நோயின்றி அந்தப் பரம்பரையலகை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மெண்டலின் சதுரத்தைப் போட்டுப் பார்த்தால் 11ஆம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கும். திருமணத்துக்கு முன் ஒரு குருதிப் பரிசோதனையால் இதை அறிந்துகொள்ளலாம். சொந்தத்துக்குள் மாப்பிள்ளை பேசும் வீடுகளில் நகைக் கணக்கோடு இதையும் பேசினால் என்ன?

இந்த வாலில்தான் என் தலைப்பும் தோற்றுப் போகிறது. ‘ஹைப்பொகிளைசீமியா’, ‘ஹைப்பர்கிளைசீமியா’ இரண்டுக்கும் வால் ஒன்றே: குருதியில் இனிப்பு. ஹைப்பொ என்றால் கீழே, ஹைப்பர் என்றால் மேலே. ஒன்றில் சீனி குறைந்துவிட்டது, உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும். மற்றதில் சீனி கூடிவிட்டது, இனிப்புக் கொடுத்தால் கேடு. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு வியர்த்து, நடுங்கி, தலை சுற்றுகிறது என்றால் அது ஹைப்பொவாக இருக்கலாம். நோன்பு திறக்க இன்னும் ஒரு மணித்தியாலம்தானே என்று பொறுத்திருக்கும் விடயமல்ல அது. எவரெவர் நோன்பு பிடிக்கலாம், மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை றமழானுக்கு முன்பே கிளினிக்கில் கேட்டுக்கொள்வதே நல்லது. இங்கே வாலை விட்டுவிட்டுத் தலையைப் பிடியுங்கள்.

‘அல்ஜியா’ வலி. ‘ஆர்த்ரல்ஜியா’ மூட்டு வலி, ‘மயல்ஜியா’ தசை வலி, ‘நியூரல்ஜியா’ நரம்பு வலி. 2006இல் சிக்குன்குனியா நம் பகுதிகளில் பரவியபோது வீட்டுக்கு வீடு மூட்டு வலியால் குனிந்து நடந்தார்கள் என்று உம்மா சொல்வார். சிக்குன்குனியா கிரேக்கமும் அல்ல, ஆங்கிலமும் அல்ல. கிழக்கு ஆபிரிக்காவின் மகொண்டே மொழியில் ‘வளைந்து போவது’ என்று பொருள். இந்தக் கட்டுரையிலேயே மிக நேர்மையான நோய்ப்பெயர் அதுதான்.

மருத்துவத்தை விட்டு வெளியேறிப்போன ஓர் ‘அல்ஜியா’வும் உண்டு: நொஸ்டல்ஜியா. இன்று பழைய பாட்டுக் கேட்டாலும் பழைய பள்ளிக்கூடப் படம் பார்த்தாலும் சொல்லும் சொல். ஆனால் அது பிறந்தது ஒரு நோயின் பெயராக. 1688இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஜொஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வில், ஊரை விட்டுத் தூரத்தில் இருப்பவர்கள் உண்ணாமல், உறங்காமல் மெலிந்து போவதைக் கண்டு இச்சொல்லை உருவாக்கினார். ‘நொஸ்டொஸ்’ வீடு திரும்புதல். வீடு திரும்ப வேண்டும் என்ற வலி. எங்கள் உம்மம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கையில் ஒரு பையுடன் புத்தளத்துக்கு வந்தவர். அவருடைய கிளினிக் கொப்பியில் ஆர்த்ரைட்டிஸ் இருக்கிறது, கெஸ்ட்ரைட்டிஸ் இருக்கிறது. மூன்றாவதாக இதையும் எழுதியிருக்கலாம். முற்றத்து மாதுளை மரத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால், பழைய நினைவு என்ற இலேசான அர்த்தம் போதாது என்று எனக்குத் தோன்றும். ஹோஃபரின் அர்த்தம்தான் சரி.

‘பதி’ என்ற வாலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது பாதிப்பு, நோய். சீனி நீண்ட காலம் கட்டுப்பாடின்றி இருந்தால் கண் விழித்திரையில் ‘ரெட்டினொபதி’, நரம்பில் ‘நியூரொபதி’. முதற்கட்டத்தில் ரெட்டினொபதி வலிப்பதில்லை. அதனால்தான் கண் நன்றாகத் தெரிகிறபோதே கண் கிளினிக்குக்கு அனுப்புகிறார்கள். அனுப்பினால் போங்கள்.

இவற்றுக்கெல்லாம் தமிழில் பெயர் உண்டா என்று கேட்கலாம். உண்டு. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்கு வேண்டிய நூல்களையும் கலைச்சொற்களையும் தமிழறிந்தவர்களோடு சேர்ந்து உண்டாக்கினார். இன்று நாம் ‘மூட்டழற்சி’, ‘ஈரலழற்சி’ என்று எழுதும்போது, ‘அழற்சி’ என்பதே தமிழின் ‘ஐட்டிஸ்’ ஆகிவிட்டதைக் காணலாம். இடம் முன்னே, நடந்தது பின்னே. கிரேக்கச் சொல்லைப் போலவே அதே ஒழுங்கு. கார்ட்டில் ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் இந்தத் தமிழ்ச் சொல்லை எழுதி வைத்தால் அடுத்த முறை வீட்டில் எவரும் வாசிக்கலாம். பென்சிலால் மட்டும், வைத்தியர் எழுதியதன் மேல் பேனையைப் போட வேண்டாம்.

முடிக்குமுன் மூன்று சொற்கள் தருகிறேன். ‘நெஃப்ரொஸ்’ என்றால் சிறுநீரகம். அவ்வளவுதான் நான் சொல்வேன். இனி நெஃப்ரைட்டிஸ், நெஃப்ரெக்டமி, நெஃப்ரொபதி ஆகிய மூன்றையும் நீங்களே வாலைப் பிடித்து வாசித்துப் பாருங்கள்.